சங்கு வளையமும் அட்டை வாடியும்

மன்னார் வளைகுடாவின் அடித்தளத்திலிருந்து மூன்று பொருள்கள் நெடுங்காலமாக வெளியூர் போயின. முத்து ரோமாபுரிக்கும் அரபு நாடுகளுக்கும் போனது. சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் கையில் வளையலானது. கடல் அட்டை சீனத்துக்குப் போய் விருந்துக் குழம்பில் கிடந்தது. மூன்றையும் மூச்சடக்கி எடுத்தவர்கள் எங்கள் கரைக்காரர்கள். மூன்றில் ஒன்றுக்குக்கூட அவர்கள் விலை சொன்னதில்லை.

முத்துக்குளிப்பைப் பற்றி நூல்கள் பல உண்டு. சங்கு குளிப்பைப் பற்றியும் உண்டு. கடல் அட்டையோ இன்று செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் மட்டும்தான் வருகிறது. வேதாளையில் இத்தனை கிலோ பறிமுதல், தொண்டியில் இருவர் கைது, மண்டபத்தில் படகு பிடிபட்டது என்று நான்கு வரி. அந்த நான்கு வரிக்குப் பின்னால் ஒரு பழைய தொழிலும், அது கெட்ட கதையும் இருக்கின்றன. நான் பெரியபட்டினத்தில் பிறந்து, பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என் அத்தா சங்கு குளித்தவர். என் தாய்மாமன், நாங்கள் மாமு என்று கூப்பிடுகிறவர், அட்டையைப் பதப்படுத்தும் வாடி வைத்திருந்தவர். ஒரே குடும்பத்தில், ஒரே கடலில், இரண்டு தொழில். ஒன்றுக்கு அளவு இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்.

முத்திலிருந்து தொடங்குகிறேன். அளவு பார்த்து எடுப்பதை இந்தக் கடல் முதலில் கற்றது அங்கேதான்.

முத்துச்சிப்பி கிடக்கும் அடித்தளப் பாறைத் திட்டுகளை நாங்கள் பார் என்போம். எந்த ஆண்டில் எந்தப் பாரில் குளிக்கலாம் என்பதைக் குளிகாரர் தம் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது. டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் முதலில் பார் சோதனை நடக்கும். சில குளிகாரர்களை இறக்கி, ஒரு முழுக்கில் எத்தனை சிப்பி கிடைக்கிறது என்று எண்ணுவார்கள். சிப்பியின் வயதைப் பார்ப்பார்கள். ஒரு மாதிரிக் குவியலை அழுகவிட்டு, தேறிய முத்தை வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். இளஞ்சிப்பியாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. இரண்டு, மூன்று, சில சமயம் பத்து ஆண்டுகள்கூடப் பார் மூடியே கிடக்கும். குளிப்பு அறிவித்தால் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. இந்தப் பங்கில் நியாயம் இல்லை. ஆனால் எடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற விதியில் அறிவு இருந்தது.

விதி தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று இதே வளைகுடாவின் எதிர்க்கரையில் உண்டு. 1905இல் இலங்கைப் பக்கத்துப் பார்களில் ஒரே பருவத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தப் பெருக்கைக் கண்ட லண்டன் நிறுவனம் ஒன்று மறு ஆண்டே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின, நிறுவனமும் கலைந்தது. எங்கள் பக்கத்தில் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் பிறகு பார்கள் குளிப்புக்குத் தேறவில்லை.

சங்குக்கு வந்த அளவு இன்னும் எளியது. நான் கண்ணால் பார்த்து வளர்ந்தது அதைத்தான்.

அத்தா காலத்தில் சங்கு அரசின் சொத்து. இராமநாதபுரம் கடலில் அதன் உரிமை முன்பு சேதுபதிகளிடம் இருந்தது. பின்பு அரசு குத்தகைக்கு எடுத்து நடத்தி, கடைசியில் மீன்வளத் துறையின் கைக்கே வந்தது. அத்தா போன்றவர்கள் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு வள்ளத்தில் போவார்கள். காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு முழுகுவார்கள். மாலையில் கரையேறியதும் குவியலை எழுத்தர் முன் கொட்ட வேண்டும். அவர் கையில் ஓர் அளவு வளையம் இருக்கும். அதன் துளை 57 மில்லிமீட்டர், பழைய கணக்கில் இரண்டேகால் அங்குலம். துளைக்குள் நுழையும் சங்கு குஞ்சு. அது கடலுக்குத் திரும்ப வேண்டும். நுழையாதது தேறிய சங்கு. அதற்குத்தான் கூலி.

இந்த வளையத்தின் அருமை எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. சங்கு உயிரோடு இருக்கும்போதே, எடுத்த கரையிலேயே, எடுத்தவர் முன்னாலேயே அளக்கப்பட்டது. சிறியது என்று தெரிந்தால் அதைக் காப்பாற்ற நேரம் இருந்தது. ஒதுக்கப்பட்ட குஞ்சுகளை அத்தா மறுநாள் காலை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய் மணல் தரையாகப் பார்த்து இறக்கிவிடுவார். ஒருநாள் அதில் ஒன்றை விளையாட எடுத்து வைத்துக்கொண்டேன். “அது அடுத்த வருசத்துக் கஞ்சிடா, வச்சிடு” என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அரசு விதியைத் தன் வீட்டுச் சோற்றுக் கணக்காக எடுத்துக்கொண்டவரின் பேச்சு அது. எல்லாக் குளிகாரர்களும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். இரவோடு இரவாகக் குஞ்சுச் சங்கை விற்றவர்களும் ஊரில் இருந்தார்கள். ஆனால் எது சரி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தெரியவைத்தது அந்த வளையம்.

இனி அட்டைக்கு வருகிறேன்.

கடல் அட்டை என்றதும் வயலில் இரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைக்கக் கூடாது. இது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. வெள்ளரிக்காய் பருமனில், எலும்பில்லாமல், தோல் தடித்து மணலில் கிடக்கும். மணலையும் அதில் உள்ள மட்கையும் விழுங்கி, சத்தை எடுத்துக்கொண்டு, சலித்த மணலை வெளியே விடும். பின்பக்கத் துளை வழியாகவே நீரை இழுத்து மூச்சு விடும். பகைவன் நெருங்கினால் சில வகைகள் தம் குடலையே வெளியே தள்ளிவிட்டு, பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். ஒட்டும் வெள்ளை நூலைப் பீய்ச்சும் வகைக்கு எங்கள் கரையில் நூல் அட்டை என்று பெயர். விலை மிகுந்தது வெள்ளை அட்டை. ஆழம் குறைந்த கடற்புல் தரையில், பகலில் பாதி உடலை மணலில் புதைத்துக்கொண்டு கிடக்கும். கையால் பொறுக்கலாம். அதற்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது.

எங்கள் கரையில் இதை யாரும் தின்பதில்லை. சங்குச் சதையை ஆணம் வைத்துத் தின்ற வீட்டிலும் அட்டை அடுப்பு ஏறியதில்லை. அதன் தேவை முழுக்க முழுக்கச் சீனத்திலிருந்து வந்தது. இந்தத் தொழிலைச் சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கற்றுக்கொடுத்தார்கள் என்று மீன்வள நூல்கள் சொல்வதுண்டு. ஆண்டுக் கணக்கை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சீனக் கப்பல்களோடு எங்கள் ஊருக்கு இருந்த உறவு மண்ணுக்குள் இருக்கிறது. 1980களில் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோர் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மழை பெய்த மறுநாள் தோப்பில் அவ்வகை ஓடுகள் கண்ணில் படும். எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். அட்டை அப்போதே கப்பல் ஏறியது என்பதற்கு அந்த ஓடு சான்றாகாது. ஏற்றிப்போகக் கப்பல் வந்தது என்பதற்கு அது சான்று.

எழுத்தில் தெளிவாகக் கிடைப்பது ஆங்கிலேயர் காலம். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் முத்து, சங்கு குளிப்புகளைக் கவனித்த ஜேம்ஸ் ஹார்னெல், 1917இல் இந்திய அட்டைத் தொழிலின் வரலாற்றையும் அதன் மறுமலர்ச்சியையும் பற்றித் தனி அறிக்கை எழுதினார். மறுமலர்ச்சி என்பதால் தொழில் இடையில் நலிந்திருக்கிறது என்று தெரிகிறது. நலிந்ததை அரசே எழுப்பிவிட முயன்றது. முத்துக்குப் பார் சோதனையும் சங்குக்கு அளவு வளையமும் வைத்திருந்த அதே துறை அது. அட்டைக்கு அப்படி ஒன்றை அது வைக்கவில்லை. எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணவில்லை. எது குஞ்சு என்று வரையறுக்கவில்லை. எந்த ஆண்டு எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முத்தில் அரசுக்குப் பங்கு இருந்தது. சங்கில் ஏகபோகம் இருந்தது. தன் வருமானம் குறையும் என்ற பயத்தில் அளந்தது. அட்டையில் அந்த அளவுக்கு வருமானம் இல்லை. கடலுக்காக யாரும் அளக்கவில்லை.

அட்டைக்கான சீனத்தின் பசி உலகம் முழுவதும் கடல்களைத் தேடிப் போன வரலாறும் இதே மாதிரிதான். இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து பாய்மரப் படகுகள் பருவக்காற்றில் ஆஸ்திரேலியாவின் வடகரைக்குப் போய், அங்கே அட்டையை அவித்து உலர்த்தி ஏற்றி வந்தன. இது 1907 வரை நடந்தது. 1990களில் தென் அமெரிக்காவின் கலபகோஸ் தீவுகளுக்கு அந்தப் பசி போனது. கட்டுப்பாடு கொண்டுவந்ததும் மீனவர்கள் கொதித்தார்கள். 1995இல் அங்கிருந்த சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்தையே முற்றுகையிட்டார்கள். இந்தக் கரைகளில் அட்டையை எடுத்தவர்கள் பெரும்பாலும் அதைத் தின்னாதவர்களாகவே இருந்தார்கள். தின்னாத பொருளுக்குப் போதும் என்ற அளவு ஊரில் பிறப்பதில்லை. மீனுக்கு அது உண்டு. வீட்டுக்கு, சந்தைக்கு, கருவாட்டுக்கு என்று ஓர் எல்லையில் நிற்கும். அட்டைக்கு எல்லை கட்ட முடிந்தவர் வியாபாரி மட்டுமே. அவர் போதும் என்று சொன்னதில்லை.

மாமுவின் வாடி ஊருக்கு வெளியே, கடலை ஒட்டிய உடைமரக் காட்டின் ஓரத்தில் இருந்தது. 1970களில் பள்ளி விட்டதும் அங்கே போவேன். வேலை இப்படி நடக்கும். வந்த அட்டையின் ஒரு முனையில் கத்தியால் சிறிதாகக் கீறிக் குடலைப் பிதுக்கி எடுப்பார்கள். பெரிய அண்டாவில் போட்டு அவிப்பார்கள். அட்டை தன் நீரிலேயே வெந்து சுருளும். கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் கிழியும். பிறகு கரை மணலில் குழி தோண்டி இரவு முழுக்கப் புதைத்து வைப்பார்கள். காலையில் தோண்டினால் மேல்தோலின் சுண்ணாம்புப் படலம் இளகியிருக்கும். ஓலைக்கூடையில் போட்டுக் கடல்நீர் ஊற்றி ஆட்கள் காலால் மிதிப்பார்கள். வெள்ளை நீர் வழிந்து ஓடும். மறுபடி அவித்து, மணலில் பரப்பி, மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் கட்டை போல் ஆகிவிடும். தட்டினால் சத்தம் கேட்கும். உயிரோடு இருந்தபோதைய எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சாக்கில் கட்டித் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ அனுப்புவார்கள். அங்கிருந்து சிங்கப்பூர், ஹாங்காங்.

மாமு நாணயமானவர். கடன் சொன்ன குளிகாரனுக்கு நோன்புப் பெருநாளுக்கு முன் தேடிப்போய்க் கொடுத்துவிடுவார். ஆனால் அவருக்கு வந்த கட்டளை தரகர் வழியாக வந்தது. இந்த மாதம் இவ்வளவு மூட்டை. பெரியது கிடைக்காவிட்டால் நடுத்தரம். அதுவும் இல்லாவிட்டால் சிறியது. விலை குறையும், ஆனால் வாங்காமல் விடுவதில்லை. ஒரு வகை அரிதானதும் இன்னொரு வகைக்கு ஆள் வந்தது. அத்தா அவரிடம் ஒருமுறை கேட்டார்: “மச்சான், ஒங்க வாடியில ஒதுக்கிப் போடுற குவியலே இல்லையே?” மாமு சிரித்தபடி, “இங்க எது வந்தாலும் காசு மச்சான்” என்றார். இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். தொழிலின் குறையை இதைவிடச் சுருக்கமாக எந்த அறிக்கையும் சொல்லி நான் படித்ததில்லை.

கடலில் இழுவை மடி பெருகிய பிறகு நிலைமை வேகமாக மாறியது. விசைப்படகின் மடி அடித்தளத்தை வாரிக்கொண்டு போகும்போது அட்டையும் கூடவே வரும். பாக் நீரிணைப் பக்கம் தள்ளுமடி என்ற சிறிய இழுவை வலை வந்தது. அது கடற்புல் தரையையே சீவியது. மூச்சடக்கிப் பொறுக்கிய காலத்தில் மனிதனின் நுரையீரலே ஓர் எல்லையாக இருந்தது. எந்திரத்துக்கு அந்த எல்லை இல்லை.

அரசு முதன்முதலாக ஓர் அளவு வைத்தது 1982இல். பதப்படுத்திய அட்டை 75 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது என்றது அந்த விதி. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் அதைச் சங்கு வளையத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கை அளந்தது கரையில், உயிரோடு. அட்டையை அளந்தது துறைமுகத்தில், குடல் எடுத்து, இரண்டு முறை அவித்து, காயவைத்த பிறகு. அளவுக்குக் குறைந்த சங்கைக் கடலில் விடலாம். அளவுக்குக் குறைந்த அட்டையை எங்கே விடுவது? அது மூட்டையின் அடிக்குப் போகும், அல்லது வேறு வழியில் கடல் தாண்டும். செத்த பிறகு அளக்கும் அளவு எந்த உயிரையும் காக்காது.

அதே பத்தாண்டில் நல்லது ஒன்றும் நடந்தது. 1988இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி. பி. ஜேம்ஸ் குழுவினர் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்கவைத்தார்கள். உலகிலேயே முதன்முறை. எங்கள் கரையில் பிறந்த அந்த அறிவு பின்னர் பல நாடுகளில் பண்ணைகளாக வளர்ந்தது. எங்கள் கடலில் அது குஞ்சாகத் திரும்பிப் பரவவில்லை.

2001 ஜூலையில் தடை வந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் வரிசையில், கடல் அட்டை இனம் முழுவதையும் மத்திய அரசு சேர்த்தது. அதே அறிவிப்பில் சுறா, திருக்கை இனங்களும் மொத்தமாக இடம்பெற்றன. நாடு முழுவதும் மீனவர்கள் எதிர்த்ததால் அது சில மாதங்களில் குறிப்பிட்ட சில வகைகளோடு சுருங்கியது. அட்டைக்கான தடை அப்படியே நின்றது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்ற நிலை உருவானது. மாமுவின் வாடி மூடப்பட்டது. அண்டாவைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். மாமுவின் மகன்கள் சவூதிக்குப் போனார்கள். முதல் நாள் வரை வெளிப்படையாக நடந்த ஒரு தொழில் மறுநாள் காலையில் குற்றமானது. இடையில் அந்தக் குளிகாரர்களுக்கு வேறு வேலை என்ன என்று யாரும் கேட்கவில்லை.

தடை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் பலர் தடையை நீக்கச் சொல்லிப் போராடுகிறார்கள். அவர்களில் என் உறவினர்களும் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது இது. ஆண் அட்டையும் பெண் அட்டையும் சேர்வதில்லை. விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. இரண்டும் நீரில் சந்தித்தால்தான் கரு. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் சந்திக்கும். நூறடிக்கு ஒன்று என்று சிதறிவிட்டால் அத்தனையும் நீரோடு போகும். எனவே கடைசி அட்டையை எடுக்கும் வரை அட்டை இனம் பிழைத்திருக்கும் என்பது தவறு. அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனதுமே அது மலடாகிவிடும். வெள்ளை அட்டை இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

அட்டை போனால் என்ன போகும்? ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஹெரன் தீவைச் சுற்றிய ஒரு திட்டில் மட்டும் கரிய அட்டைகள் ஆண்டுக்கு 64,000 டன் மணலைச் சலித்து விடுகின்றன என்று 2021இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பிரெஞ்சுப் பொலினேசியாவில் அட்டையை அகற்றிவிட்டுப் பார்த்தபோது பவளத்தில் நோய் பெருகியதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் கடற்புல் தரையில்தான் ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது, பேராமை மேய்கிறது. இரண்டையும் இதே கரை ஒரு காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடியது. இன்று ஆவுளியாவுக்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புல்லின் வேருக்கு மணலைப் புரட்டிக் கொடுக்கும் உயிரைக் கள்ளச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டு, புல் மேயும் உயிரை மட்டும் காப்பாற்ற முடியாது.

ஆகவே தடை இருக்கட்டும். ஆனால் தடை யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். 2015 முதல் 2020 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்து 64.7 டன் அட்டை பிடிபட்டது. 502 பேர் கைதானார்கள். எங்கள் கரையில் அப்படிக் கைதாகும் பெயர்களை நான் படிக்கும்போது, படகோட்டி, குளிகாரன், அண்டாவுக்கு விறகு வைத்தவன், சரக்கு ஏற்றிய வேன் ஓட்டுநர் என்றுதான் இருக்கிறது. என்னிடம் படித்த பிள்ளைகளின் பெயரையும் அதில் பார்த்திருக்கிறேன். முன்பணம் கொடுத்தவன் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. ஹாங்காங் கடையில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கும் பொருளுக்கு இங்கே இரவில் இறங்கியவன் பெறுவது ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. தடைக்கு முன்னும் விலை அவன் கையில் இல்லை. தடைக்குப் பின் எடை போடும்போது கேள்வி கேட்கும் உரிமையும் போய்விட்டது. ஏமாற்றப்பட்டால் எங்கே போய்ச் சொல்வான்?

இதில் கடல் எல்லையும் சேர்ந்துகொள்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்தக் கரையில் குற்றமான அட்டை அந்தக் கரையில் உரிமம் பெற்ற தொழில். ஓர் இரவில் சாக்கு நீரிணையைத் தாண்டிவிட்டால், விடிந்ததும் அது சட்டப்படி எடுத்த சரக்கோடு கலந்துவிடும். யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் அட்டைப் பண்ணைகள் பெருகி, களப்பை நம்பிய தமிழ் மீனவர்கள் எதிர்ப்பதையும் பார்க்கிறோம். ஒரே அட்டை, ஒரே நீர், இரண்டு சட்டம். அந்த இடைவெளியில்தான் கள்ள வணிகம் குடியிருக்கிறது. இரு நாட்டுக் கடற்படையும் மீனவரைப் பிடிப்பதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இரு நாட்டுச் சுங்கத்துறையும் ஏற்றுமதிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதில் காட்டினால் போதும். ஒரு நிறுவனம் தன் கடலில் எடுத்ததைவிட அதிகமாக அனுப்புகிறதா என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

லட்சத்தீவில் வேறொரு முயற்சி நடந்தது. அங்கே அட்டைக் கடத்தல் பிடிபட்டதை அடுத்து, 2020இல் செரியபாணியில் 239 சதுர கிலோமீட்டர் கடலை அட்டைக்கென்றே பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். உலகில் அட்டைக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. எங்கள் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. எல்லை இருக்கிறது, காவலும் இருக்கிறது. எண்ணிக்கையைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

என் கருத்து இதுதான். முத்துக்கு இருந்த பார் சோதனையை அட்டைக்குக் கொண்டுவர வேண்டும். ஆண்டுதோறும், குறித்த இடங்களில், அட்டை எத்தனை, எவ்வளவு நீளம் என்று எண்ண வேண்டும். எண்ணும் வேலையைக் கூலி கொடுத்து அந்தந்த ஊர்க் குளிகாரர்களிடம் கொடுக்க வேண்டும். எங்கே கிடக்கிறது என்று அவர்களைவிட அறிந்தவர் இல்லை. இன்று அந்த அறிவை வாங்க வருகிறவன் கடத்தல்காரன் ஒருவன்தான். தூத்துக்குடியில் பிறந்த பொரிப்பக அறிவைக் கொண்டு குஞ்சுகளைக் கடற்புல் தரையில் விட வேண்டும். எண்ணிக்கை கூடி நிலைத்தது என்று தெரியும் வரை தடையை ஓர் அங்குலமும் தளர்த்தக் கூடாது. அதற்கு இருபது ஆண்டு ஆனாலும் சரி. முத்துப் பார்கள் காத்திருக்கவில்லையா? என்றாவது ஒரு நாள் எடுக்கலாம் என்று ஆனால், அளவு கரையிலேயே, உயிரோடு, எடுத்தவன் முன்னால் பார்க்கப்பட வேண்டும். துறைமுகத்தில் அல்ல.

மாமு காலமாகிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் வாடியில் ஒதுக்கிப் போடும் குவியல் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அத்தாவுக்குச் சொல்லித் தந்த அரசுதான் அவருக்குச் சொல்லித் தரத் தவறியது. ஒரே கடலில், ஒரே குடும்பத்தில், ஒருவரைக் காப்பாளராகவும் மற்றவரை அழிப்பவராகவும் ஆக்கியது அவர்களின் குணம் இல்லை. ஒருவருக்கு அளவு இருந்தது, மற்றவருக்கு இல்லை என்பதுதான். இன்று இரவில் வள்ளம் இறக்கும் இளைஞனுக்கும் அந்த அளவைக் கொடுக்கலாம். அவன் கையில் விலங்கு மாட்டுவதற்கு ஆகும் செலவைவிட அதற்குக் குறைவாகவே ஆகும்.